வீட்டிலேயே ‘ஹாஷிஷ்’ தயாரிப்பு: பிசின் பிரிந்தவுடன் மாறும் சட்டத்தின் அளவுகோல்

புது தில்லி: கஞ்சாச் செடியின் பிசினைச் சலித்துப் பிரித்து, அழுத்திக் கட்டியாக்கும் ‘ஹாஷிஷ்’ தயாரிப்பு சில நாடுகளில் வீட்டுப் பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. அதைக் கற்றுத்தரும் காணொலிகள் எல்லைகளைக் கடந்து இந்தியக் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. ஆனால், அந்நாடுகளின் சட்டத்தை மனத்தில் கொண்டு தயாரிக்கப்பட்ட காணொலிகள், இந்தியாவில் அதே செயலுக்கு என்ன பொருள் என்பதைச் சொல்வதில்லை.

இந்தியச் சட்டப்படி, செடியிலிருந்து பிசின் பிரிந்தவுடன் அப்பொருள் ‘கஞ்சா’ என்ற வகையிலிருந்து ‘சரஸ்’ என்ற வகைக்கு மாறிவிடுகிறது. பெயர் மட்டுமன்றி, தண்டனையைத் தீர்மானிக்கும் எடை வரம்பும் மாறுகிறது. கஞ்சாவாக இருந்தால் அதிகபட்சம் ஓராண்டு சிறையில் முடியக்கூடிய ஒரு வழக்கு, அதே எடை சரஸாக இருந்தால் 10 ஆண்டுகள் வரையிலான கடுங்காவல் சிறைக்கு இட்டுச் செல்லக்கூடும். இந்த வேறுபாடு எதனால், சட்டம் எந்த இடத்தில் கோடு போடுகிறது என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

ஒரே செடி, மூன்று பெயர்கள்

இந்தியாவில் போதைப்பொருள் குற்றங்களைக் கையாளும் முதன்மைச் சட்டம், 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் (என்.டி.பி.எஸ். சட்டம்). அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இச்சட்டம், கஞ்சாச் செடியின் பாகங்களை ஒன்றாகப் பார்ப்பதில்லை.

செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதிகளே சட்டத்தின் பார்வையில் ‘கஞ்சா’. அந்நுனிகளுடன் சேராமல் தனியாக இருக்கும் விதைகளும் இலைகளும் இந்த வரையறைக்குள் வருவதில்லை. செடியிலிருந்து பிரிக்கப்பட்ட பிசின், கச்சா நிலையில் இருந்தாலும் சுத்திகரிக்கப்பட்டிருந்தாலும், எந்த வடிவில் இருந்தாலும் அது ‘சரஸ்’. ஹாஷிஷ் எண்ணெய் எனப்படும் அடர்திரவமும் இவ்வகையிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. இவற்றுள் எதையேனும் கொண்டு செய்யப்படும் கலவையும் பானமும் மூன்றாவது வகையாகும்.

‘எந்த வடிவில் இருந்தாலும்’ என்ற சொற்கள் இங்கு முக்கியமானவை. இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் உள்ள மலானா போன்ற இமயமலைப் பகுதிகளில், பசுஞ்செடியைக் கைகளில் தேய்த்துப் பிசினைத் திரட்டும் வழக்கம் நெடுங்காலமாக அறியப்பட்டது. மொராக்கோ, லெபனான், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளில், உலர்ந்த செடியைச் சலித்துப் பொடியாகப் பிரித்து, பின்னர் அழுத்திக் கட்டியாக்குவது மரபு. இணையக் காணொலிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையையே காட்டுகின்றன. கையால் தேய்த்ததா, சல்லடையில் சலித்ததா, பொடியா, கட்டியா என்ற வேறுபாடுகளை இந்தியச் சட்டம் பொருட்படுத்துவதில்லை. பிசின் செடியிலிருந்து பிரிக்கப்பட்டதா என்பதே அது கேட்கும் கேள்வி.

பிசினுக்கு ஏன் தனி அளவுகோல்?

கஞ்சாவின் போதைத் தன்மைக்குக் காரணமான வேதிப்பொருள் டெட்ராஹைட்ரோகன்னாபினால். சுருக்கமாக டி.எச்.சி. என்று அழைக்கப்படும் இது, பெண் செடியின் பூக்களிலும் அவற்றையொட்டிய சிற்றிலைகளிலும் காணப்படும் நுண்ணிய சுரப்பிகளில் செறிந்திருக்கிறது. தண்டு, நார், முதிர்ந்த இலை ஆகியவற்றில் இதன் அளவு மிகக் குறைவு.

பிசினைப் பிரித்தெடுப்பது என்பது, இச்சுரப்பிகளைச் செடியின் ஏனைய பகுதிகளிலிருந்து விலக்கி ஒன்றுசேர்ப்பதாகும். இதனால் ஒரு கிராம் பூவில் இருப்பதைவிட ஒரு கிராம் பிசினில் பொதுவாகப் பன்மடங்கு டி.எச்.சி. இருக்கிறது. இந்தச் செறிவைக் கருத்தில் கொண்டே, இரண்டுக்கும் வெவ்வேறு எடை வரம்புகளை மத்திய அரசு நிர்ணயித்துள்ளது.

எடை வரம்பு எவ்வளவு?

மத்திய அரசு 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி வெளியிட்ட அறிவிக்கையின்படி வரம்புகள் வருமாறு:

கஞ்சா: சிறிய அளவு 1,000 கிராம், வணிக அளவு 20 கிலோ.

சரஸ், ஹாஷிஷ்: சிறிய அளவு 100 கிராம், வணிக அளவு 1 கிலோ.

கஞ்சாவுடன் ஒப்பிட்டால் சரஸுக்கான சிறிய அளவின் வரம்பு பத்தில் ஒரு பங்கு. வணிக அளவின் வரம்பு இருபதில் ஒரு பங்கு.

இந்த வரம்புகளைக் கொண்டே சட்டத்தின் 20-ஆவது பிரிவு தண்டனையை மூன்று படிகளாக வகுக்கிறது. சிறிய அளவு எனில் ஓராண்டு வரையிலான கடுங்காவல் சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சிறிய அளவுக்கும் வணிக அளவுக்கும் இடைப்பட்டது எனில் 10 ஆண்டுகள் வரையிலான கடுங்காவல் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக அளவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டுகள். அதிகபட்சம் 20 ஆண்டுகள். அபராதம் ஒரு லட்சம் ரூபாயில் தொடங்கி 2 லட்சம் வரை செல்லும். உரிய காரணங்களைப் பதிவுசெய்து, அதற்கு மேலும் அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒருவரிடம் 150 கிராம் கஞ்சா கைப்பற்றப்பட்டால் அது சிறிய அளவு. அதே 150 கிராம் சரஸாக இருந்தால் அது இடைப்பட்ட அளவு. எடை ஒன்றே, ஆனால், அதிகபட்சச் சிறைக்காலம் ஓராண்டிலிருந்து 10 ஆண்டுகளாகிறது. 1,100 கிராம் கைப்பற்றப்பட்டால், கஞ்சா என்ற நிலையில் அது இடைப்பட்ட அளவு. சரஸ் என்ற நிலையில் வணிக அளவு.

வணிக அளவு வழக்குகளில் பிணை பெறுவதும் அரிது. இத்தகைய வழக்குகளில் அரசுத் தரப்புக்கு எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 37-ஆவது பிரிவு. அரசுத் தரப்பு எதிர்த்தால், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் என்று நம்புவதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன என்றும், பிணையில் இருக்கும்போது அவர் குற்றமிழைக்க மாட்டார் என்றும் நீதிமன்றம் நிறைவடைந்தால் மட்டுமே பிணை வழங்க முடியும்.

எடையைக் கணக்கிடும் முறையிலும் கவனிக்க வேண்டியது உண்டு. போதைப்பொருளுடன் வேறு நடுநிலைப் பொருள் கலந்திருந்தால், தூய போதைப்பொருளின் எடையை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஹீரா சிங் வழக்கில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்நிலைப்பாடு சரியல்ல என்று அறிவித்தது. கலவையின் மொத்த எடையே கணக்கில் கொள்ளப்படும் என்பதே தற்போதைய நிலை.

‘என் வீட்டில், எனக்காக மட்டும்’

விற்பதற்காக அல்ல, சொந்தப் பயன்பாட்டுக்காக மட்டுமே வீட்டில் தயாரித்ததாகக் கூறினால் விலக்குக் கிடைக்குமா என்பது பலருக்கும் எழும் ஐயம். கிடைக்காது என்பதே சட்டத்தின் விடை. மருத்துவம் அல்லது அறிவியல் நோக்கத்துக்காக, உரிய விதிகளின்படி அனுமதி பெற்ற செயல்கள் தவிர, செடியை வளர்ப்பது, போதைப்பொருளை உற்பத்தி செய்வது, தயாரிப்பது, வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, கொண்டுசெல்வது, பயன்படுத்துவது ஆகிய அனைத்தையும் சட்டத்தின் 8-ஆவது பிரிவு தடை செய்கிறது. வீடு, பொது இடம் என்ற வேறுபாடு அதில் இல்லை.

‘உற்பத்தி’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளையும் நோக்க வேண்டும். கஞ்சா உள்ளிட்டவற்றை அவற்றுக்குரிய செடியிலிருந்து பிரித்தெடுப்பதே உற்பத்தி என்று சட்டத்தின் 2-ஆவது பிரிவு வரையறுக்கிறது. சுத்திகரிப்பதும் வேறு வடிவுக்கு மாற்றுவதும் ‘தயாரிப்பு’ என்ற சொல்லில் அடங்கும். அதற்குத் தொழிற்கூடமோ இயந்திரமோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சமையலறை மேசையில் நடந்தாலும் அது உற்பத்தியே.

வீட்டு மாடியில் செடி வளர்ப்போருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. கஞ்சாச் செடி வளர்ப்புக்கான தண்டனை எடையைப் பொறுத்ததன்று. அனுமதியின்றி வளர்த்த குற்றத்துக்கே 10 ஆண்டுகள் வரையிலான கடுங்காவல் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

கருவிகளும் எச்சமும் சான்றாகலாம்

குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சார்ந்தது என்பது குற்றவியல் சட்டத்தின் பொதுவான நெறி. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 54-ஆவது பிரிவு இதில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவருகிறது. போதைப்பொருளை வைத்திருந்தது நிறுவப்பட்டு, அதற்குத் திருப்திகரமான விளக்கம் அளிக்கப்படாவிட்டால், அவர் குற்றமிழைத்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

இந்த அனுமானம் போதைப்பொருளோடு நின்றுவிடுவதில்லை. போதைப்பொருள் தயாரிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கருவி, அதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட பாத்திரங்கள், தயாரிப்பின் ஏதேனும் ஒரு கட்டத்தைக் கடந்த மூலப்பொருள், தயாரிப்புக்குப் பின் எஞ்சிய கழிவு ஆகியவற்றை வைத்திருந்ததற்கும் இது பொருந்தும். சாதாரணச் சமையலறைச் சல்லடை குற்றச் சான்றாகிவிடாது. ஆனால், பிசின் ஒட்டிய வலைகளும், சலித்துக் கழித்த செடித்தூளும் ஒரே அறையில் கிடைக்கும்போது, ‘வெறும் கஞ்சா மட்டுமே வைத்திருந்தேன்’ என்ற விளக்கம் எடுபடுவது கடினம்.

வீட்டில் உள்ள மற்றவர்களின் நிலை

மகனோ மகளோ அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு செய்த செயலுக்குப் பெற்றோர் பொறுப்பாவார்களா? வாடகைக்கு விட்ட உரிமையாளரின் நிலை என்ன? வீட்டின் உரிமையாளரோ, அதில் குடியிருப்பவரோ, அதைப் பயன்பாட்டில் வைத்திருப்பவரோ, இக்குற்றம் நடைபெறத் தெரிந்தே இடமளித்தால், அக்குற்றத்துக்கு உரிய தண்டனையே அவருக்கும் விதிக்கப்படும் என்கிறது 25-ஆவது பிரிவு. இங்கு ‘தெரிந்தே’ என்பதுதான் முக்கியமான சொல். அறியாமல் இருந்தவர் இப்பிரிவின் கீழ் குற்றவாளி ஆவதில்லை. எனினும், ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளும் விடுதி மாணவர்களும் நண்பர்களும் தாங்கள் அறியாதவர்கள் என்பதை விசாரணையில் விளக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படலாம்.

சோதனைகளின்போது குடிமக்களுக்குள்ள பாதுகாப்புகளையும் சட்டம் வரையறுத்துள்ளது. ஒருவரின் உடலைச் சோதனையிடும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதனை நடத்துமாறு கோரும் உரிமையை 50-ஆவது பிரிவு அளிக்கிறது. பெண்களைப் பெண்ணே சோதனையிட வேண்டும். பிடியாணையின்றி வீட்டுக்குள் நுழைவது சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு உரியது. இரவில் நுழைய நேர்ந்தால், அதற்கான காரணங்களை அதிகாரி எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும்.

பாங் மட்டும் விற்கப்படுவது எப்படி?

ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற கடைகளில் ‘பாங்’ விற்கப்படுகிறது. ஹோலி, சிவராத்திரி நாள்களில் அது பானமாகவும் அருந்தப்படுகிறது. ஒரே செடியில் ஒன்று கடையிலும் மற்றொன்று சிறைக்கும் செல்வது முரணாகத் தோன்றலாம். பாங் இலையிலிருந்து தயாரிக்கப்படுகிறது. பூ நுனி சேராத இலை மத்தியச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கிறது. எனவே, அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் உள்ளது. சில மாநிலங்கள் உரிமம் வழங்குகின்றன. அசாம் போன்றவை தடை செய்துள்ளன.

இந்த மூவகைப் பிரிவு 1985-இல் புதிதாகத் தோன்றியதன்று. பிரிட்டிஷ் அரசு 1893-இல் அமைத்த இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையம், நாடெங்கும் ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்தது. பாங், கஞ்சா, சரஸ் என்று தனித்தனியாக ஆராய்ந்த அந்த ஆணையம், முழுத் தடையைப் பரிந்துரைக்காமல் வரியும் உரிமமும் கொண்ட கட்டுப்பாட்டையே பரிந்துரைத்தது. அக்காலத்தில் பஞ்சாபுக்கு வந்த சரஸின் பெரும்பகுதி, இன்றைய சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் உள்ள யார்கண்டிலிருந்து லே வழியாக வணிகக் கூட்டங்கள் மூலம் கொண்டுவரப்பட்டது; அதற்கு வரியும் விதிக்கப்பட்டது. அவ்வணிகம் 1930-களில் முடிவுக்கு வந்தது.

விடுதலைக்குப் பின், 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதை மருந்துகள் உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது. மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த அவ்வுடன்படிக்கை 25 ஆண்டுகள் அவகாசம் அளித்தது. அந்தப் பின்னணியில் இயற்றப்பட்ட 1985-ஆம் ஆண்டுச் சட்டம், கஞ்சாவையும் சரஸையும் தடை செய்து, இலையை மட்டும் விட்டுவைத்தது.

வெளிநாடுகளில் அனுமதி, இந்தியாவில்?

கனடா 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி முதல் வயதுவந்தோரின் கஞ்சாப் பயன்பாட்டைச் சட்டபூர்வமாக்கியது. ஜெர்மனி 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல், வயதுவந்தோர் வரையறுக்கப்பட்ட அளவில் வைத்திருக்கவும் வீட்டில் 3 செடிகள் வரை வளர்க்கவும் அனுமதித்தது. அங்கும் கட்டுப்பாடுகள் இல்லாமல் இல்லை. எரியும் தன்மையுள்ள கரைப்பான்களைக் கொண்டு வீட்டில் பிரித்தெடுப்பதால் தீ விபத்துகளும் கடுமையான தீக்காயங்களும் நேர்ந்துள்ளன. கரிமக் கரைப்பான்களைப் பயன்படுத்தி வீட்டில் பிரித்தெடுக்கக் கனடாவிலும் தடை உள்ளது.

ஐ.நா. போதை மருந்துகள் ஆணையத்தில் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி நடைபெற்ற வாக்கெடுப்பும் இந்தியாவில் குழப்பத்தை ஏற்படுத்தியது. கஞ்சாவையும் அதன் பிசினையும் மிகக் கடுமையான நான்காவது பட்டியலிலிருந்து நீக்கும் முன்மொழிவு 27-க்கு 25 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இதையடுத்து, இந்தியாவில் கஞ்சா அனுமதிக்கப்பட்டுவிட்டதாகச் சமூக ஊடகங்களில் தகவல்கள் பரவின. அது தவறான புரிதல். அப்பொருள்கள் உடன்படிக்கையின் முதலாவது பட்டியலில் தொடர்கின்றன. இந்தியச் சட்டத்தில் அந்த வாக்கெடுப்பால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

உத்தராகண்ட் போன்ற மாநிலங்கள் நாருக்காகவும் விதைக்காகவும் உரிமத்துடன் வளர்க்க அனுமதிக்கும் சணல்வகைக் கஞ்சாச் செடியும் டி.எச்.சி. மிகக் குறைந்த வகையே. அந்த அனுமதி வீட்டில் பிசின் எடுப்பதற்குப் பொருந்தாது.

உடல்நலத்துக்கு என்ன கேடு?

சட்டம் ஒருபுறமிருக்க, செறிவூட்டப்பட்ட பிசினின் உடல்நலக் கேடும் கவனத்துக்குரியது. வீட்டில் தயாரிக்கப்படும் பிசினில் டி.எச்.சி. எவ்வளவு என்பதை ஆய்வகச் சோதனையின்றி அறிய இயலாது. பூவுக்குப் பழகியவர், அதே அளவு பிசினை எடுத்துக்கொள்ளும்போது, எதிர்பாராத அளவு டி.எச்.சி. உடலில் சேர்கிறது. கடும் பதற்றம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தி, மனக்குழப்பம், பிறர் தன்னைத் துன்புறுத்துவதாக எண்ணும் அச்சம் ஆகியவை ஏற்படலாம். உணவில் கலந்து உட்கொண்டால், போதை தலைக்கேறத் தாமதமாகும்; அதனால் மேலும் உட்கொள்வோர் உண்டு. செறிவு மிக்க கஞ்சாவை அன்றாடம் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களுக்கான அபாயம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பதின்ம வயதில் தொடங்குவோருக்கு இது மேலும் கவலைக்குரியது. அழுத்திக் கட்டியாக்குவதால் செடியில் உள்ள பூஞ்சையோ பூச்சிக்கொல்லியோ நீங்கிவிடுவதும் இல்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்தி, 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் சுமார் 2.2 கோடி பேர் பாங்கையும், சுமார் 1.3 கோடி பேர் கஞ்சா அல்லது சரஸையும் பயன்படுத்துகின்றனர். கஞ்சா வகைகளால் ஏற்படும் சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 72 லட்சம் பேர். பாங்கைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையே அதிகம் என்றாலும், தீங்கு தரும் பயன்பாடும் அடிமைத்தனமும் கஞ்சா, சரஸ் பயன்படுத்துவோரிடமே விகித அளவில் கூடுதலாக இருப்பதாக அந்த ஆய்வு தெரிவித்தது.

மீள விரும்புவோருக்குச் சட்டம் தரும் வழி

தண்டனையை மட்டுமே முன்வைக்கும் சட்டமாக இது அமையவில்லை. போதைக்கு அடிமையான ஒருவர் மீது, போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு தொடர்பாகவோ வழக்கு இருந்தால், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ அவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெறும்போது, வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற 64-அ பிரிவு வழிவகுக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிப்பது அதற்கான நிபந்தனை. பாதியில் கைவிட்டால் விலக்கு திரும்பப் பெறப்படலாம்.

இந்த வழியும் எடை வரம்போடு பிணைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 100 கிராமை எட்டாத சரஸ் தொடர்பான வழக்கில் இந்த வாயில் திறந்திருக்கிறது. அதைக் கடந்துவிட்டால், கஞ்சாவாக இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இச்சலுகை கிடைக்காமற்போகும்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை பெற 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் ‘மானஸ்’ உதவி மையத்தை 1933 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கான ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணிலும் தொடர்புகொள்ளலாம்.